நெருப்பின் நிறம்

கத்தி இல்லாத வீடு இல்லை. அடுக்களையில் காய் நறுக்கும் கத்தி, வயலில் கதிர் அறுக்கும் கருக்கரிவாள், பனையேறுவோர் இடுப்பில் செருகியிருக்கும் பாளை அரிவாள், செருப்புத் தைப்போர் தோல் சீவும் அகன்ற கத்தி என அது பல வடிவங்களில் நம்மோடு பழகுகின்றது. வாங்கும்போது நாம் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறோம்; கூராக இருந்தால் நல்ல கத்தி என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால், கூர் என்பது சாணைக்கல் தருவது. தகரத் துண்டையும் சாணை பிடித்துக் கூராக்கலாம். இரண்டு வெங்காயம் நறுக்குவதற்குள் அது மழுங்கிவிடும். வந்த கூர் போகாமல் நிற்பதற்கு வேறொன்று வேண்டும். அதனைத் தருவது நெருப்பு.

நொய்யல் ஆற்றை அடுத்த ஒரு சிற்றூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். பள்ளியிலிருந்து வீட்டிற்குச் செல்லும் வழியில் ஒரு கொல்லுப்பட்டறை உண்டு. அதன் கூரை தாழ்ந்தது. சன்னல் ஒன்றே ஒன்று. அதையும் சாக்குத் துணியால் மறைத்திருப்பார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைபவர்க்குச் சிறிது நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு உலையும், துருத்தியும், பட்டடைக்கல்லும், அதன்முன் அமர்ந்திருக்கும் பெரியவரும் ஒவ்வொன்றாகப் புலப்படுவர். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று முதன்முறை கேட்டேன். "வெளிச்சத்தில் நெருப்பின் நிறம் பொய் சொல்லும், வாத்தியார் ஐயா" என்றார் அவர். அன்றுதொட்டு அந்தப் பட்டறையில் நான் மாணவன் ஆனேன்.

நெருப்பின் நிறத்தில் அப்படி என்ன இருக்கிறது? எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கரியும் சேர்ந்த பொருள். கொல்லர்கள் அரிவாள் அடிக்க எடுத்துக்கொள்ளும் லாரியின் வில்பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரி உண்டு. கருவிகள் செய்வதற்கென்றே உருக்கும் எஃகில் அது 0.9 அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். இரும்பின் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் நிற்பவை. வெப்பம் 727 டிகிரி சென்டிகிரேடைக் கடக்கும்போது அந்த வரிசை மாறத் தொடங்குகிறது. புதிய வரிசையில் கரி அணுக்கள் புகுந்து தங்க இடம் கிடைக்கிறது. மெல்ல ஆறவிட்டால் பழைய வரிசை திரும்பும், கரியும் ஒதுங்கிப் பிரிந்துவிடும், எஃகு மென்மையாகும். திடீரெனக் குளிர்வித்தாலோ, கரி வெளியேற நேரம் இராது. நெரிசலான பேருந்தில் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே அகப்பட்ட பயணியைப்போல அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடியால் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் போகின்றன. இதுவே எஃகின் கடினம். மார்ட்டென்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் இந்நிலையை மார்ட்டென்சைட்டு என்பர். நம் கொல்லர்கள் இதனைத் தோய்ச்சல் என்கின்றனர். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றே.

இந்தச் செயல் நம் நாட்டில் மிகப் பழையது. புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார் ஒரு கோட்டையைப் பற்றிப் பேசுகிறார். பாண்டியன் உக்கிரப் பெருவழுதி அதனைக் கைப்பற்றிவிட்டான். இழந்தவன் அதனை மீட்க நினைப்பது, கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு குடித்த நீரை மீட்க நினைப்பது போன்றதாம். உண்மையில் நீர் இரும்பினுள் புகுவதில்லை, ஆவியாகிப் போகிறது. ஆனாலும் அந்தப் புலவர் ஏதோ ஓர் உலைக்களத்தின் அருகே நின்று, சீறி எழுந்த ஆவியை உற்று நோக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகு கடல் கடந்து சென்றது. 1795ஆம் ஆண்டு ஜார்ஜ் பியர்சன் என்பவர் இலண்டன் இராயல் சங்கத்தில் அதனைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்னியலின் தந்தையெனப் போற்றப்படும் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட்டு என்னும் கத்தி செய்பவருடன் சேர்ந்து அதன் இரகசியத்தை அறிய முயன்று, 1820ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டார். ஃபாரடேயின் தந்தையும் ஒரு கொல்லரே!

பெரியவரிடம் வெப்பமானி எதுவும் இல்லை. காய்ந்த எஃகின் நிறங்களுக்கு அவர் தாமே பெயர் வைத்திருந்தார். உலர்ந்த இரத்தம், இலந்தைப்பழம், கோவைப்பழம், விடியற்காலைச் சூரியன் என்பன அவற்றுட் சில. வில்பட்டையைக் கோவைப்பழ நிறத்தில் எடுப்பார். இலந்தைப்பழத்தில் எடுத்தால் தோய்ச்சல் ஏறாது. சூரியன் வரை போனால் எஃகு கெட்டுவிடும். ஏன் கெடும்? அளவுக்கு மேல் சூடேறினால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். பருமணி உடைய எஃகு கடினமாக இருந்தாலும் சிறு அதிர்ச்சியில் பிளக்கும். ஒருமுறை நான் ஒரு வெப்பமானியை இரவலாகக் கொண்டுபோய், அவர் "இப்போது" என்று சொன்னபோதெல்லாம் அளந்து பார்த்தேன். ஒன்பது முறையும் இருபது டிகிரி இடைவெளிக்குள்ளேயே அவருடைய சொல் நின்றது. மாணவர்க்கு நான் கற்பித்த எந்தக் கருவியும் இவ்வளவு நம்பிக்கையாக உழைத்ததாக நினைவில்லை.

2018ஆம் ஆண்டில் அந்தப் பட்டறைக்கு ஒரு சோதனை வந்தது. தோற்பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தார் தோல் சீவும் கத்திகள் 40 வேண்டுமென்று கேட்டிருந்தனர். பெரியவரின் மகன் அதற்கெனக் கருவி எஃகு வாங்கி வந்தார். கத்திகள் போயின. ஒரு மாதத்தில் 11 கத்திகள் திரும்பி வந்தன; எல்லாவற்றிலும் விளிம்பு பல்பல்லாகப் பெயர்ந்திருந்தது. பணத்தைவிடப் பெயர் பெரிது. அந்த வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை என்று மகன் பின்னர் என்னிடம் கூறினார்.

பெரியவர் ஒரு கத்தியைப் பட்டடையின் விளிம்பில் வைத்து ஒரே அடியில் ஒடித்தார். ஒடிந்த முகத்தை நகத்தால் வருடிப் பார்த்தார். நன்கு தோய்ந்த எஃகின் முறிமுகம் சாம்பல் நிறப் பட்டுத்துணிபோல் நுண்மையாக இருக்கும். இதுவோ ரவைபோல் சொரசொரப்பாக இருந்தது. "சூடு மிஞ்சியிருக்கிறது" என்றார். வேறு யாரையும் குறை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "எனக்குக் கோவைப்பழமாகத்தானே தெரிந்தது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

கண்புரை என்பது கண்ணின் வில்லை மெல்ல மெல்ல மங்கிப் பழுப்பேறும் நிலை. அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பதைப்போல ஒளி குறைந்து தெரியும். உலையில் இருந்த எஃகு உள்ளபடி ஒளிர்ந்தது; அவருக்குத்தான் மங்கலாகத் தோன்றியது. எனவே அவர் இன்னும் சிறிது காற்று ஊதச் செய்தார். நாள்தோறும் இம்மியளவு மாறியதால் மாற்றம் தெரியவில்லை. மதுரைக்கு அழைத்துச் சென்று அறுவை செய்வித்தார்கள். பார்வை நன்றாகத் திரும்பியது. ஆனால் பழைய நிறங்கள் திரும்பவில்லை! வேட்டி நீலம் பாய்ந்ததுபோல் தெரிகிறது என்றார். உலை கண்ணைக் கூசுகிறது என்றார். முன்பு சூடு மிஞ்சியது. இப்போது, நிறம் வந்துவிட்டது என்று எண்ணிச் சூடேறுமுன்பே எடுத்தார். புதிய கத்திகளின் விளிம்பு பெயரவில்லை, மடங்கியது. ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த நிறக்கணக்கு முழுவதும் வேறு யாருடைய கண்ணுக்கோ உரியதாகிவிட்டது. எழுத்தாளன் ஒருவன் காலையில் எழுந்து பார்க்கும்போது அகரவரிசையே இடம் மாறிப் போயிருந்தால் எப்படியிருக்கும்? அவர் நிலை ஏறக்குறைய அதுதான்.

மகன் ஒரு மின் உலை வாங்கத் துணிந்தார். அது பெரிய பொருள் அன்று. ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே தீச்செங்கல், செங்கல்லின் பள்ளங்களில் சுருட்டிய மின்கம்பி. பின்புறத் துளை வழியாக உள்ளே நீட்டியிருக்கும் சிறு கோல்தான் அதன் கண். வெவ்வேறு உலோகங்களாலான இரண்டு கம்பிகளின் நுனிகளை இணைத்து அந்த இணைப்பைச் சூடாக்கினால் சிறிய மின்னழுத்தம் பிறக்கும் என்பதைச் சீபெக் என்பவர் 1821ஆம் ஆண்டில் கண்டார். ஒரு டிகிரிக்கு ஒரு வோல்ட்டின் இலட்சத்தில் நான்கு பங்கு அளவே அது பிறக்கிறது. அதை எண்ணாக மாற்றிக் காட்டிவிடுகிறது கருவி. எண் 800 ஆனதும் மின்சாரம் தானே நிற்கும். குறைந்ததும் தானே ஓடும்.

"என் கண்ணைவிட இந்தப் பெட்டிக்கு அதிகம் தெரியுமா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லை அப்பா. ஆனால் இதற்குக் கண்புரை வராது" என்றார் மகன். அந்தச் சொல் சற்றுக் கடுமையாகப் பட்டது எனக்கு. பெரியவர் வெளியே போய்த் திண்ணையில் அமர்ந்துகொண்டார். எண்களைப் படித்து விளக்குவதற்காக என்னை அழைத்திருந்தார்கள். இருவர்க்கும் நடுவே நான் என்ன சொல்வது?

அவர்கள் வாங்கியிருந்தது ஓ-1 என்னும் வகை எஃகு. அதில் கரியோடு சிறிது மாங்கனீசும் குரோமியமும் டங்ஸ்டனும் கலந்திருக்கும். அவை உள்ளிருப்பதால் குளிர்வதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் கொடுத்தாலும் எஃகு கடினமாகிவிடும்; ஆகவே நீர் வேண்டா, எண்ணெயே போதும். நீரில் இட்டால் வெடித்துப் போகக்கூடும். அதனை 790 டிகிரிக்கும் 815 டிகிரிக்கும் இடையில் காய்ச்ச வேண்டும். அந்த வெப்பத்தில் சுமார் பத்து நிமிடம் அசையாமல் வைத்திருந்தால்தான் கரி வேண்டிய அளவு கரையும். கரியடுப்பில் ஒரு நிலையான வெப்பத்தைப் பத்து நிமிடம் காப்பது எளிதன்று. மின் உலையின் பெருமை இதில்தான் உள்ளது.

முதல் கத்தி வெளிவந்து எண்ணெயில் மூழ்கியது. துடைத்துவிட்டு மகன் அரத்தை வைத்து இழுத்தார். தோய்ச்சல் ஏறிய எஃகில் அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்க வேண்டும். வழுக்கவில்லை, கடித்தது. இரண்டாவது கத்தியும் அப்படியே. எண் சரியாக இருந்தது. நேரம் சரியாக இருந்தது. மகன் வாயடைத்து நின்றார். திண்ணையிலிருந்து பெரியவர் எழுந்து வந்து, அதே அரத்தை அதே இடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தார். மேல்தோல் உதிர்ந்தபின் அரம் வழுக்கத் தொடங்கியது. அவர் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைக் கண்டேன்.

"கரியடுப்பில் கரி இருக்கிறது. உன் பெட்டியில் என்ன இருக்கிறது? வெறுங்காற்று" என்றார்.

எவ்வளவு பொருள் பொதிந்த சொல்! எரியும் கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைத் தானே உண்டுவிடுகிறது. அதனால் நெருப்பின் நடுவே புதைந்திருக்கும் எஃகு பெருமளவு காக்கப்படுகிறது. மின் உலையினுள் இருப்பது காற்று. சிவக்கக் காய்ந்த எஃகின் மேற்பரப்பிலிருந்து அது கரியைக் கவர்ந்து சென்றுவிடும். கரி போன தோல் வெறும் இரும்பு. அதில் தோய்ச்சல் ஏறாது. பெரிய தொழிற்சாலைகளில் காற்றை நீக்கியோ, வேறு வாயுவை நிரப்பியோ, மெல்லிய எஃகுத் தாளில் பொதிந்தோ இதனைத் தடுப்பார்கள். பெரியவர் ஒரு நீண்ட தகரப்பெட்டி செய்தார். அதில் கரித்தூள் நிரப்பிக் கத்திகளை அதனுள் புதைத்து, பிடிக்கம்பிகள் மட்டும் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். கரியிலிருந்து எழும் வாயு நஞ்சு ஆதலால், சன்னலில் பல்லாண்டுகளாகத் தொங்கிய சாக்குத் துணியை அன்று கழற்றி எறிந்தார்கள். பட்டறையில் வெளிச்சம் புகுந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. கத்தியின் நுனி நன்கு தோய்ந்தது. அடிப்பகுதி சற்று மென்மையாக நின்றது. மாலையில் இருட்டிய பிறகு உலையின் கதவை ஒரு நொடி திறந்து பார்த்த பெரியவர், "பெட்டியின் முன்பக்கம் மங்கல்" என்றார். "எண் 800 காட்டுகிறதே அப்பா" என்றார் மகன். "எண்ணின் கண் பின்னால் இருக்கிறது, முன்னால் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தந்தை. இதனைக் கேட்டு நான் பெரிதும் வியந்தேன். இன்ன நிறம் என்று பெயர் சொல்லும் ஆற்றலை அவர் இழந்திருந்தார். ஆனால், இரண்டு நிறங்கள் ஒன்றா வேறா என்று காணும் ஆற்றல் அவரை விட்டுப் போகவில்லை. அளவுகோல் தொலைந்தது, ஒப்பிடும் கண் இருந்தது. கதவின் உட்புறம் மேலும் ஒரு செங்கல் பதித்து, பெட்டியை நடுவில் தள்ளி, கரித்தூள் முழுவதும் சூடேற அரைமணி விட்டுப் பின்னர் பத்து நிமிடத்தைக் கணக்கிட்டார்கள். முன்னும் பின்னும் ஒரே நிறமாயின.

எண்ணெயில் இடும் வேலை எண்ணுக்கும் எழுத்துக்கும் அடங்காதது. எண்ணெயை 55 டிகிரி அளவுக்கு முன்பே சூடாக்கி வைப்பார்கள். சூடான எண்ணெய் இளகி ஓடுவதால் கத்தியை நன்றாகத் தழுவிக் குளிர்விக்கும். எண்ணெய்த் தொட்டி உலைக்கு இரண்டடி தூரத்தில் இருக்க வேண்டும். மெல்லிய தகடு வழியிலேயே வெப்பத்தை இழந்துவிடும் அன்றோ? நுனியை முதலில் நேராக இறக்க வேண்டும். மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி வளையும். அப்படியும் சில வளைந்தே வெளிவரும். எண்ணெயிலிருந்து எடுத்த முதற்சில நொடிகளில், 200 டிகிரிக்குமேல் இருக்கும் வரையில், எஃகு இன்னும் கடினப்படாமல் இருக்கும். அந்தச் சிறு இடைவெளியில் பெரியவர் தோலுறை அணிந்த கைகளால் கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டு கட்டைகளுக்கு இடையே வைத்து நிமிர்த்திவிடுவார். மகன் மூன்று கத்திகளை ஒடித்த பிறகே அந்த நேரத்தைக் கற்றார்.

தோய்ந்த கத்தியை அப்படியே விடலாகாது. அது கண்ணாடியைப்போல் கடினம், கண்ணாடியைப்போலவே உடையும். சில வேளைகளில் கையில் தொடாமலே, இரவில் வெறுமனே கிடக்கும்போது 'டிக்' என்ற ஓசையுடன் வெடித்துவிடும். ஆகையால், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடனே மீண்டும் இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அப்போது சிக்கியிருந்த கரியில் சிறிது வெளியேறி, உள்நெருக்கடி தளரும். கடினத்தில் கொஞ்சம் குறையும், உறுதி பெருகும். முன்பெல்லாம் தேய்த்து மினுக்கிய எஃகின்மேல் படரும் நிறத்தைப் பார்த்துப் பதம் அறிவார்கள். 200 டிகிரியைத் தாண்டியதும் வைக்கோலின் இளமஞ்சள், பிறகு பழுப்பு, 280 அளவில் ஊதா, 300 அளவில் நீலம் என அது ஓடும். தோல் சீவும் கத்திக்கு வைக்கோல் நிறம் வேண்டும். அரிவாளுக்கு நீலத்தை நெருங்க வேண்டும். பெரியவரின் மாறிய கண் இந்த இளமஞ்சளைத்தான் முற்றிலும் தவறவிட்டது. மின் உலையில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுமுறையும் இரண்டு மணி நேரம் வைத்தார்கள்.

கத்திகளுள் இரண்டை எடுத்துக்கொண்டு மூவரும் நகரத்திலுள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சென்றோம். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் சுமையால் எஃகின்மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். இதற்கு ராக்வெல் முறை என்று பெயர். பதப்படுத்தாத கத்தி 64 காட்டியது, பதப்படுத்தியது 61. வேண்டியதும் அதுவே. மகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பெரியவர் தாளைக் கேட்கவில்லை. கத்தியில் வைரம் பதித்த புள்ளியைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு சிறிய குத்துக்கு இவ்வளவு பெரிய எந்திரமா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்த 11 கத்திகளுக்கு ஈடாகப் புதிய 11 கத்திகள் விலையின்றி அனுப்பப்பட்டன. ஆறு வாரம் கழித்துத் தொழிற்கூடத்திலிருந்து மறுபடியும் கத்தி கேட்டு ஆள் வந்தார். இம்முறை 60.

ஆயினும் பழைய கரியடுப்பு அணையவில்லை. மின் உலையின் உள்நீளம் ஒன்றரை அடி; தென்னை ஓலை வெட்டும் கொக்கி அரிவாளோ அதனுள் எப்படித் திருப்பினாலும் அடங்காது. எனவே அரிவாள்கள் இன்றும் கரியில்தான் காய்கின்றன. உலையின் பக்கத்தில் கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும் என்று நான் சொன்னதன்பேரில் செய்தது அது. பெரியவர் காய்ந்த அரிவாளைக் காந்தத்தருகே கொண்டுபோவார். ஒட்டாவிட்டால் மறுபடி நெருப்பில் இட்டு, இன்னும் ஒரு சிறிது காற்று ஊதச் சொல்லிவிட்டு, அந்நேரத்தில் தோன்றும் நிறத்தை உற்றுப் பார்ப்பார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். மாதுளம்பூவுக்கும் செம்பருத்திக்கும் நடுவில் இருக்கிறது என்று போனமுறை சென்றபோது சொன்னார்.